சிற்றூர்க் கொலைக்கதைகளில் சோதனைக் காட்சி

சிற்றூரில் நிகழும் கொலையைப் பொருளாகக் கொண்ட புனைகதைகள் தமிழில் பலவாகப் பெருகியுள்ளன. அவற்றுள் கொலை நிகழும் களம் நன்கு வருணிக்கப்பெறுகின்றது. கொலைக்கு வித்தாகிய பகை, அது வரப்புத் தகராறோ, மணத்தொடர்போ, சாதிச் செருக்கோ எதுவாயினும், அழுத்தமாகவே காட்டப்பெறுகின்றது. வழக்குமன்றக் காட்சிக்கும் ஆசிரியர்கள் பக்கங்களைத் தாராளமாக ஒதுக்குகின்றனர். இவற்றிற்கு இடைப்பட்டதாகிய சோதனை மட்டும் ஒரு பத்தியில் முடிந்துவிடுகின்றது. காவலர் ஊர்தியில் வந்து இறங்குகின்றனர். மோப்ப நாய் ஓடுகின்றது. ஆய்வாளர் புதரருகே குனிந்து ஒரு பொத்தானை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொள்கின்றார். மறுநாள் நிலையத்தில் ஒருவன் உண்மையைக் கக்கிவிடுகின்றான். கிணற்றிலிருந்து அரிவாள் வெளிவருகின்றது. பெயர்களை மாற்றினால் ஒரு கதையின் பத்தியை மற்றொரு கதையில் ஒட்டிவிடலாம்.

எம்மிடம் முதுகலை பயிலும் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு தாம் எழுதிய கதையொன்றைக் கொணர்ந்து எம் கருத்தை வேண்டினார். கரிசற்காட்டு ஊர் ஒன்றில் நிகழும் கொலைபற்றியது அக்கதை. நடை நன்று, பேச்சுவழக்கு பழுதற்றது. சோதனைப் பகுதியோ மேற்கூறிய ஒட்டுப் பத்தியே. இதனைச் சுட்டியபோது அவர், 'ஐயா, இது கதைதானே. சட்டநூல் அன்றே' என்றார். அவ்விடையை எளிதில் தள்ளிவிட இயலாது. புலவனுக்கு உரிமை உண்டென்பது நம் இலக்கண மரபும் ஒப்புவதே. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே பாடல் சான்ற புலனெறி வழக்கமாதலின், காவல் நிலையத்தின் பதிவேடு போலக் கதை அமையவேண்டும் என எவரும் கேளார். ஆயினும் அம்மாணவர் இழந்தது வெறும் விவரத் திருத்தம் அன்று. தம் கதையின் உயிரான ஓரிடத்தையே அவர் இழந்தார் என்பது எம் கருத்து. அதனை நிறுவுதற்கு, நடைமுறையில் சோதனை எங்ஙனம் நிகழ்கின்றது என்பதனை முதற்கண் காண்போம்.

ஒரு முன்குறிப்பு வேண்டும். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், 1872-ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியமும் நடைமுறைக்கு வந்துள்ளன. பிரிவெண்கள் மாறினவேனும், யாம் எடுத்துக்கொண்ட பொருள்பற்றிய விதிகளின் உள்ளீடு பெரும்பாலும் பழையதே. புதியதொன்று உண்டு, அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கொலைச் செய்தி முதலில் எவர் காதிற்குச் சென்றது என்பதிலேயே காலவழு தொடங்கிவிடுகின்றது. சென்னை மாகாணத்துச் சிற்றூர்களில் அச்செய்தி பெரும்பாலும் முதலிற் சென்றடைந்த இடம் கிராம முன்சீபின் திண்ணை. அவர் வாக்குமூலம் எழுதிக்கொண்டு, காவல் நிலையத்திற்கும் நடுவருக்கும் யாதாஸ்து எழுதித் தலையாரியிடம் கொடுத்து விடுப்பார். முன்சீப் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது. கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்தில் வந்தார். 1950-ஐக் களமாகக் கொண்ட கதையில் முன்சீபும் தலையாரியும் இன்றி ஆய்வாளர் நேரே வந்து நிற்பாராயின், ஆசிரியர் தம் ஊரின் பழைய அமைப்பை மறந்தார் என்றே கொள்ளவேண்டும். யாதாஸ்து எத்தனை மணிக்கு எழுதப்பட்டது, எத்தனை மணிக்கு நிலையத்தை எட்டியது, இடையில் தலையாரி எங்குத் தங்கினான் என்பன பின்னாளில் வழக்கின் போக்கையே மாற்றவல்லன. இன்றும் முதல் தகவல் அறிக்கை நடுவர் கைக்குச் சென்று சேர்ந்த நேரம் அத்துணைக் கூர்மையாகவே நோக்கப்படுகின்றது. இடைப்பட்ட நேரத்தில் பெயர்கள் சேர்க்கப்பட்டனவோ என்பதே ஐயம்.

ஆய்வாளர் களத்திற்கு வந்தபின் முதலில் எழுதப்படுவது பார்வை மகஜர். கிழக்கே யாருடைய புஞ்சை, மேற்கே எந்த வண்டிப்பாதை, பிணம் கிடந்த இடத்திலிருந்து கிணறு எவ்வளவு தொலைவு, விளக்குக்கம்பம் உண்டா இல்லையா என்பனவெல்லாம் அதில் வரும். உடன் மாதிரி வரைபடமும் வரையப்படும். பின்னர்ப் பிண விசாரணை, ஊரார் முன்னிலையில். அதன்பின் களத்தினின்று பொருள்கள் கைப்பற்றப்படும். அதற்கு வேறொரு மகஜர். அதனை அத்தாட்சி என்றும் வழங்குவர். இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி எம் உள்ளத்தை மிகவும் ஈர்த்தது. குருதி தோய்ந்த மண்ணை எடுக்கும்போது, சற்று விலகிக் குருதி படாத மண்ணையும் எடுத்துத் தனியே பொதிந்து முத்திரையிடுகின்றனர். ஒப்புநோக்குதற்கு வெறும் மண்ணும் வேண்டும் என்பது காரணம். வழக்குமன்றத் தீர்ப்புகளில் 'இரத்தக்கறை படிந்த மண்', 'சாதாரண மண்' என இரண்டும் அடுத்தடுத்த எண்களோடு வரிசையாக நிற்கும். தன் நிலத்து மண் இரண்டு பொட்டலமாகப் பிரிந்து நகரத்து ஆய்வுக்கூடம் செல்வதனை அந்நிலத்துக்காரன் பார்த்துக்கொண்டு நிற்கின்றான் என வைத்துக்கொள்வோம். ஒரு சிறுகதைக்கு இதனினும் என்ன வேண்டும்? தமிழில் இதனை எழுதியவர் எவரையும் யாம் கண்டிலேம்.

வீட்டைச் சோதிப்பதற்கு இன்னும் விரிவான வரம்புகள் உள. ஆணையின்றிப் புகும் அலுவலர், எப்பொருளை எக்காரணம்பற்றித் தேடுகின்றார் என்பதனை முன்னரே எழுதிவைத்தல் வேண்டும். அதன் படி நடுவர்க்குச் செல்லவேண்டும். அவ்வட்டாரத்தில் வாழும் சார்பற்ற, மதிப்புடைய இருவரையேனும் சான்றாக அழைத்தல் வேண்டும். வீட்டுக்குரியவரை உடனிருக்க விடுதல் வேண்டும். எடுத்த பொருளின் பட்டியலில் சான்றாளர் கையெழுத்திடுவர். அதன் படி வீட்டுக்குரியவர்க்கும் கொடுக்கப்படும். பெண்ணைச் சோதிப்பது பெண்ணே, நாணம் கெடாவண்ணம். அழைத்தும் தக்க காரணமின்றி வர மறுப்பவன் தண்டனைக்குரியவன் ஆகின்றான். இவ்வரம்புகள் மீறப்பட்டால் பொருளே சான்றாகாது ஒழியும் என நம் எழுத்தாளர் சிலர் கருதுகின்றனர். அஃது அமெரிக்கத் திரைப்படங்கள் தந்த கருத்துப்போலும். இந்நாட்டில், மீறல் ஒன்றாலேயே பொருள் தள்ளப்படுவதில்லை, ஐயக்கண்ணோடு நோக்கப்படுகின்றது. ஐயம், கதைஞர்க்குத் தள்ளுபடியினும் பயனுடையது.

இனி, ஒட்டுப் பத்தி எங்கிருந்து வந்தது? ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு முதலியோர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் கதையைத் தமிழில் வளர்த்தபோது ஆங்கிலக் கதைகளைப் பெரிதும் தழுவினர். தழுவியது குற்றம் அன்று. ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் தமிழ் வாசகர் உள்ளத்தில் ஒரு தலைமுறைக்காலம் குடியிருந்தவன். எனினும் கதைப்பின்னலோடு ஒரு நோக்குமுறையும் உடன் வந்துவிட்டது. அஃதாவது, பொருளைக் காண்பவன் ஒருவனே; அவன் கண்டதே சான்று என்பது.

கானன் டாயில் 1891-இல் வெளியிட்ட பாஸ்கம் பள்ளத்தாக்குக் கதையினை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதுவும் நாட்டுப்புறக் கொலையே, குளக்கரையே களம், கொல்லப்பட்டவன் மகன் மேலேயே பழி விழுகின்றது. ஹோம்ஸ் மண்ணில் படுத்தும் ஊர்ந்தும் அடிச்சுவடுகளை ஆராய்கின்றான். பாசியிடையே கிடந்த கல்லொன்றை எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்கின்றான். பின்னர் வண்டியிற் செல்லும்போது அதனைக் காவல் அலுவலரிடம் காட்டி, கொலை செய்த கருவி இதுவே என்கின்றான். கல்லின் கீழும் புல் இருந்தமையால் அஃது அவ்விடத்துக்குப் புதிது என உய்த்துணர்ந்தது அறிவுக்கு விருந்தே. ஆனால் அக்கல் இப்போது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு அவனும் அவன் தோழனும் தவிரச் சான்று யார்? கீழிருந்த புல்லை வேறெவர் கண்டார்? நம் நாட்டு அமர்வு நீதிமன்றத்தில் எதிர்வழக்கறிஞர் அக்கல்லை ஐந்து நிமிடத்தில் வெறுங்கல் ஆக்கிவிடுவார். கானன் டாயில் இதனைப்பற்றிக் கவலையுறவில்லை. அவர் காட்ட விரும்பியது ஹோம்ஸின் அறிவு. அதற்கு அக்கல் போதும். ஆனால், நம் கதைஞர் காட்ட விரும்புவது ஓர் ஊர். ஊரைக் காட்ட விழைவார்க்குத் தனியொருவன் குனிந்தெடுக்கும் கல் உதவாது.

சிற்றூர்ச் சோதனை என்பது பொருளைக் கண்டெடுக்கும் செயல் மட்டும் அன்று. கண்டெடுத்ததனை ஊர்முன் எழுதும் செயலும் ஆகும். அரிவாள் புதரில் கிடக்கும்வரை இரும்பே. இருவர் பார்த்திருக்க எடுக்கப்பட்டு, நீளம் அகலம் அளக்கப்பட்டு, கைப்பிடியின் வடு குறிக்கப்பட்டு, அவ்விருவர் கையெழுத்தும் விழுந்தபின்னரே அது தொண்டிப்பொருள் ஆகின்றது. அவ்விருவர் யார்? வட்டாரத்தில் வாழ்பவர் என்கின்றது சட்டம். நகரத்தில் இச்சொற்றொடர்க்குப் பெரிதாய்ப் பொருளில்லை. ஐம்பது வீடுகள் உள்ள ஊரில் அதன் பொருள் வேறு. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் சான்றாளர்க்கு உறவு, அல்லது பகை, அல்லது கடன்கொடுத்தவர், அல்லது மடைநீர் திருப்பும் பக்கத்து வயற்காரர். சார்பற்றவர் என ஒருவர் அவ்வூரில் இருத்தல் கூடுமா? சட்டம் கேட்கும் அத்தகையவரைத் தேடி ஆய்வாளர் தெருத்தெருவாய் நடப்பதே ஒரு சோதனை. வீட்டுச் சோதனைக்கும் முந்திய சோதனை. எந்தத் தெருவுக்குள் அவர் செல்கின்றார், எந்தத் தெருவைத் தவிர்க்கின்றார் என்பதனைக் கவனமாக எழுதினாலே அவ்வூரின் சாதியமைப்பு முழுதும் வெளிப்பட்டுவிடும். ஆசிரியர் அதுபற்றி விரிவுரை நிகழ்த்தவேண்டுவதில்லை.

எம் தாய்வழிப் பாட்டனார் 1980 வரை கிராம முன்சீபாக இருந்தவர். ஒரு கொலைவழக்கின் பிண விசாரணையில் அவர் கையெழுத்திட்டதன்பின் இரண்டு அறுவடைக்காலம் பங்காளி வீடொன்றின் நன்மை தீமைகளுக்கு அழைப்பு வரவில்லை என எம் அன்னையார் கூறுவார். பாட்டனார் அதுபற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லையாம். இது பெரிய துன்பம் அன்று. ஆயினும், கையெழுத்தின் விலை இன்னது என்பதனை யாம் முதலில் அறிந்தது சட்டநூலிலிருந்து அன்று, இச்செய்தியிலிருந்தே.

அவ்விலையைக் கொடுக்க அஞ்சியவர் ஓராண்டோ மூவாண்டோ கழித்து மன்றத்தில் ஏறி, 'கையெழுத்து என்னுடையது. ஆனால் வெற்றுத்தாளில் வாங்கினர்' என்பார். அவரைப் பிறழ்சாட்சி என்பர். நம் கதைகளில் பிறழ்சாட்சி என்றால் பணம் வாங்கிய கயவன். பணம் வாங்கினோர் இலர் என யாம் கூறவில்லை. ஆனால் உண்மையாகவே வெற்றுத்தாளில் கையெழுத்திட்டவர் உண்டு. களத்தையே காணாமல் நிலையத்தில் அமர்ந்து கையெழுத்திட்டவர் உண்டு. கண்டிருந்தும், மகள் மணம் அவ்வூரிலேயே நடக்கவேண்டும் என்பதனால் காணவில்லை என்பவரும் உண்டு. மூவர் வாயினின்றும் வருவது ஒரே தொடர். அத்தொடருக்குள் எம்மனிதர் நிற்கின்றார் என ஆராய்வதன்றோ புனைகதையின் பணி? கிராம நிர்வாக அலுவலரும் அவர்தம் உதவியாளருமே பல வழக்குகளில் மகஜர்ச் சான்றாளராக வருவதற்கும் இதுவே காரணம். ஊரார் ஒதுங்கியபின் எஞ்சுபவர் அவரே.

இன்னொரு நுட்பமும் இங்குக் கருதற்குரியது. காவலரிடம் சான்றாளர் வாய்மொழியாகக் கூறுவது எழுதிக்கொள்ளப்படினும், அதில் அவர் கையெழுத்து வாங்கலாகாது என்பது சட்டம். கதைகளிலோ ஒவ்வொருவரும் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டுக்கொண்டே இருக்கின்றனர். ஆக, ஊரான் ஒருவன் சொல்லுக்குக் கையெழுத்தில்லை. அவன் கண்ட பொருளின் பட்டியலுக்குக் கையெழுத்து உண்டு. சொல்லை நம்பாது பொருளை நம்ப முயலும் இவ்வமைப்பு ஏன் எழுந்தது என வினவினால், நாம் இக்கட்டுரையின் கடினமான பகுதிக்கு வந்துவிடுகின்றோம்.

காவல் அலுவலரிடம் குற்றம் சாட்டப்பட்டவன் செய்யும் ஒப்புதல், அவனுக்கு எதிரான சான்றாகாது. இவ்விதி 1861-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்திற்கு வந்து, இன்றைய சட்டத்திலும் நிலைபெற்றுள்ளது. அதற்கு ஆறாண்டு முன்னர், 1855-இல், சென்னை மாகாணத்தில் வரி தண்டுவதற்கும் குற்றத்தை ஒப்புவிப்பதற்கும் மக்கள் வதைக்கப்பட்டமை குறித்து ஆராய்ந்த ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. அவ்வறிக்கையின் ஆங்கிலப் பக்கங்களினிடையே இரண்டு தமிழ்ச்சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன: கிட்டி, அண்ணாந்தாள். முன்னது விரல்களை இடுக்கி நெரிக்கும் கருவி. பின்னது உடலை வளைத்துக் கட்டி நெடுநேரம் நிறுத்தும் தண்டனை. தமிழாய்வார் இவற்றைச் சொல்லாராய்ச்சிக்குரியனவாக மட்டும் எண்ணிக் கடந்துவிடலாகாது. நம் மொழி ஆட்சியறிக்கை ஒன்றிற்கு வழங்கிய சொற்கள் இவை.

ஒப்புதல் செல்லாது என்னும் அவ்விதிக்கு ஒரு புறனடை உண்டு. காவலில் உள்ளவன் தந்த செய்தியின் விளைவாக ஓர் உண்மை வெளிப்படுமாயின், அச்செய்தியில் அவ்வெளிப்பாட்டோடு நேர்த்தொடர்புடைய பகுதி மட்டும் சான்றாகும். பழைய சட்டத்தில் இது 27-ஆம் பிரிவு. இதன் எல்லையை வகுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. வழக்குத் தொகுதிகளில் 1947-ஆம் ஆண்டுக்குரியதாக வெளிவந்தது. சட்டநூலார் கோட்டய்யா வழக்கு என்பர். குண்டூர்ப் பகுதியில் சிற்றூர்க் கட்சிப்பகையில் எழுந்த கொலை. ஈட்டியை வைக்கோற்போரில் மறைத்துள்ளேன், வந்தால் காட்டுவேன் என்றான் ஒருவன். ஈட்டியும் கிடைத்தது. வெளிப்பட்ட உண்மை என்பது ஈட்டி மட்டும் அன்று. அஃது எடுக்கப்பட்ட இடமும், அவ்விடத்தை அவன் அறிந்திருந்தமையுமே என சர் ஜான் போமாண்ட் எழுதிய தீர்ப்பு கூறிற்று. அதனால் குத்தினேன் என்பது பழைய நிகழ்ச்சி, அது வைக்கோற்போரில் வெளிப்படவில்லை, ஆகவே சான்றன்று. ஒருவன் வாயினின்று வந்த ஒரே தொடரை நடுவே அறுத்து, ஒரு பாதியைக் கொண்டு மறுபாதியை எறிந்த அந்நுட்பம், உரையாசிரியர் ஒருவர் சூத்திரத்தைச் சொற்சொல்லாகப் பிரிப்பதனை ஒத்தது. ஆயினும், அவ்வறிவு அவனுக்கு எங்ஙனம் வந்தது, மறைத்தவன் அவனேயா, மறைத்ததைக் கண்டவனா, ஈட்டியை அங்கு வைத்தோர் வேறு எவரேனுமா என்னும் வினாக்கள் ஒவ்வொரு வழக்கிலும் எஞ்சி நிற்கின்றன.

இந்நிலையில் ஒட்டுப் பத்தியை மீண்டும் நோக்குக. மறுநாள் நிலையத்தில் ஒருவன் உண்மையைக் கக்கிவிடுகின்றான். கிணற்றிலிருந்து அரிவாள் வருகின்றது. இரவுக்கும் மறுநாளுக்கும் இடையே என்ன நிகழ்ந்தது எனக் கதை கேட்பதில்லை. வாசகரையும் கேட்க விடுவதில்லை. அரிவாள் கிடைத்தது, ஆகவே அவன் கூறியது உண்மை, ஆகவே கூறுவித்த வழியும் தக்கதே என்னும் எண்ணம் சொல்லாமற் சொல்லப்படுகின்றது. மிகச் சில ஆசிரியர்களே இவ்வாறு எண்ணி எழுதுகின்றனர். ஏனையோர் எண்ணாமல் எழுதுகின்றனர். ஆனால் பழுதில் வேற்றுமை இல்லை. கிட்டியையும் அண்ணாந்தாளையும் ஒழிக்கப் பிறந்த விதியைக் கதையுலகம் ஓசையின்றி மாற்றி எழுதிவிடுகின்றது. எம் மாணவர் கூறிய 'கதைதானே' என்னும் விடையை யாம் ஏற்காதது இதன்பொருட்டே.

இவ்வையம் நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்துப் பழியஞ்சின படலத்தில் வரும் கதை யாவரும் அறிந்ததே. வழிநடையில் ஆலமர நிழலில் மனைவியை இருத்தி நீர் தேடிச் சென்ற அந்தணன், திரும்பிவந்தபோது அவள் அம்பு தைத்து இறந்துகிடக்கக் காண்கின்றான். அருகே வில்லோடு ஒரு வேடன். வேறென்ன சான்று வேண்டும்? அரசன்முன் கொண்டுசெல்லப்பட்டு ஒறுத்துக் கேட்கப்பட்டபோதும் வேடன் 'யான் கொன்றிலேன்' என்பதனையே கூறுகின்றான். குலோத்துங்க பாண்டியன் தீர்ப்புக் கூறாது இறைவனிடம் முறையிடுகின்றான். முன்னொருகால் மரத்தில் சிக்கிக்கிடந்த அம்பு காற்றால் உதிர்ந்து அவளைக் கொன்றது என்பது எமதூதர் உரையாடலால் விளங்குகின்றது. சமயநெறியில் இதன் பொருள் வேறு. அதனுள் யாம் புகவில்லை. புனைவின் அமைப்பை மட்டும் நோக்கின், களத்தைச் சுற்றிப் பார்த்தவர் எவரும் மேலே மரத்தைப் பார்க்கவில்லை என்பது புலனாகின்றது. இறைவன் அருளால் அறியவந்த செய்தி, பார்வை மகஜரில் ஒரு வரியாக இருந்திருக்க வேண்டிய செய்தி. அம்பு எத்திசையிலிருந்து தைத்தது? பழையதா, புதியதா? வேடனின் தூணியில் உள்ள அம்புகளை ஒத்ததா? கவி இவ்வினாக்களை எழுப்பவில்லை. எழுப்பாமலே, அருகில் இருந்தான் என்பதும் கருவி வைத்திருந்தான் என்பதும் கொன்றான் ஆகாது என்பதனை நிறுவிவிட்டார்.

சிலப்பதிகாரம் இன்னும் ஆழமானது. கொலைக்களக் காதையில் காவலர் உடனே வாளோங்கவில்லை. இவன் தோற்றம் கள்வனுக்குரியதன்று என ஐயுற்றவர் அவருள் உண்டு. அவ்வையத்தைத் தணிக்கவே பொற்கொல்லன் களவுநூல் கூறும் மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டினையும் விரிக்கின்றான். இளையவன் ஒருவன் தான் கண்ட கள்வனைப்பற்றிக் கூறுகின்றான். ஐயம், பேச்சில் கரைந்துபோகின்றது. அதனை எழுதிவைக்க ஓர் ஏடு இல்லை. கல்லாதவன் ஒருவன் வாளை எறிந்தபின் அதற்கு இடமும் இல்லை. வழக்குரை காதையில் சிலம்பு உடைக்கப்பட்டு உள்ளீடு காட்டப்படும்போது நிகழ்வது, கோவலன் உயிரோடிருக்கையில் நிகழ்ந்திருக்க வேண்டிய ஆய்வு. இதனோடு இன்றைய பிண விசாரணை விதி ஒன்றினை ஒப்பிட்டுக் காண்க. அவ்வறிக்கையில் அலுவலரும் உடனிருந்த ஊராரும் கையெழுத்திடுவர்; ஊராருள் எத்தனைபேர் இசைகின்றனரோ அத்தனைபேர் இட்டாற் போதும் என்கின்றது சட்டம். இசையாதவன் இடாது செல்லலாம். ஐயுற்ற அந்தக் காவலனுக்குக் கிட்டாத இடம் இதுவே. ஐவர் அழைக்கப்பட்டு மூவர் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்றினை நடுவே வைத்து ஒரு நாவலே எழுதலாம்.

பூமணியின் வெக்கை (1982) எம் கூற்றுக்கு மாறாகாதோ எனக் கேட்கலாம். சிற்றூர்க் கொலையைப்பற்றிய சிறந்த நாவல்களுள் ஒன்றாகிய அதில் சோதனைக்காட்சி மையமாக இல்லை. கொன்றவன் ஒரு சிறுவன். அவனும் தந்தையும் காட்டிலும் கரட்டிலும் மறைந்து திரிகின்றனர். இறுதியில் சரணடையப் புறப்படுகின்றனர். ஆம், ஆனால் அந்நாவல் தேடுவோர் பக்கம் நின்று எழுதப்பட்டதன்று, தேடப்படுவோர் பக்கம் நின்று எழுதப்பட்டது. ஒட்டுப் பத்தியை அவர் சுருக்கவில்லை, அடியோடு விட்டார். நிலம் முழுதும் தேடலின் அச்சத்தால் நிரம்பியிருப்பதனால் சோதனைக்காட்சி வேண்டப்படவில்லை. விடுதல் வேறு, ஒட்டவைத்தல் வேறு. சுஜாதாவின் கரையெல்லாம் செண்பகப்பூ, நாட்டுப்பாடல் திரட்ட வந்த நகரத்து இளைஞன் கண்வழியே சிற்றூரைக் காட்டுகின்றது. அக்கண் விரைவானது, சுவையானது, ஆயினும் வெளியூர்க்கண். அக்கண்ணுக்கு மகஜரில் கையெழுத்திடும் கடமை இல்லை.

மோப்ப நாயைப்பற்றி ஒரு சொல். அது காட்டும் வழி புலனாய்வுக்குத் துணையாகலாம். அதனை மட்டும் கொண்டு ஒருவனைத் தண்டிக்க மன்றங்கள் இசைவதில்லை. கதைஞர்கள் அதனைச் சற்று இளைப்பாற விடலாம்.

புதியது உண்டு என்றோம். 2024 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின் 105-ஆம் பிரிவு, சோதனையும் கைப்பற்றுதலும் பட்டியலெழுதிச் சான்றாளர் கையெழுத்திடுவதும் உட்பட ஒலியும் ஒளியுமாகப் பதியப்படவேண்டும் என்கின்றது; அதற்குக் கைப்பேசியே ஏற்றது எனவும் குறிக்கின்றது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியலார் களத்திற்கு வருதற்கும் வேறொரு பிரிவு வழிசெய்கின்றது. அதனை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டுவரை காலம் தரப்பட்டுள்ளது. இனிப் பிறழ்சாட்சிக்கு இடமில்லை எனச் சிலர் கூறுகின்றனர். யாம் அத்துணை உறுதியாகக் கூறோம். கைப்பேசியைப் பிடித்தவன் யார்? பதிவு தொடங்குமுன் அரிவாள் எங்கிருந்தது? சான்றாளர் முகம் படத்தில் தெரிகின்றது. அவர் எதனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரியுமா? முன்னர்த் தாளில் இருந்த ஐயம் இப்போது திரைக்கு வந்துள்ளது. நம் இளைய எழுத்தாளர்க்கு இஃது எவரும் உழாத நிலம்.

எம் மாணவர் தம் கதையைத் திருத்திக்கொண்டு மீண்டும் வந்தார். நாய் போய்விட்டது, பொத்தானும் போய்விட்டது. இம்முறை ஆய்வாளர் சான்றாளரைத் தேடி மூன்று வீடுகளுக்குச் செல்கின்றார். முதல் வீடு பூட்டியிருக்கின்றது; உள்ளே அடுப்புப் புகை. இரண்டாம் வீட்டார் மாட்டைத் தேடிச் சென்றுவிட்டதாக ஒரு குழந்தை கூறுகின்றது. மூன்றாவது வீட்டில் ஓய்வுபெற்ற அஞ்சற்காரர் ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டு எதுவும் பேசாது உடன் வருகின்றார். குருதி தோய்ந்த மண்ணைப் பொதிந்தபின் காவலர் தள்ளிச்சென்று வெறும் மண்ணைச் சுரண்டும்போது, 'அது எதுக்கு, நல்ல மண்ணு?' என அவர் கேட்கின்றார். எவரும் விடை கூறவில்லை. அவ்வளவில் கதை நிற்கின்றது. முடிவு இன்னும் எழுதப்படவில்லை.